புகார் அக்காவின் இருநூறு கடிதங்கள்

கதவு அடித்துக்கொள்ளாமல் மெதுவாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு இரும்புக் கை பொருத்துவார்களே, அதைச் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் தொலைபேசியில் திட்டு வாங்கியவள் அவள். கதவு சாத்தவில்லை, எண்ணெய் ஒழுகுகிறது என்று யார் கூப்பிட்டாலும் மணி அவள் மேசையில்தான் அடிக்கும். அலுவலகம் அவள் பெயரையே மறந்து 'புகார் அக்கா' ஆக்கிவிட்டது. திட்டி முடித்தவர்கள் பாதிப் பேர் அப்படியே தங்கள் கஷ்டத்தையும் சொல்வார்கள். அக்கா 'உம்' கொட்டிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

பிறகு புகார் கேட்க இயந்திரக் குரல் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் அக்காவை விற்பனைப் பிரிவின் ஒரு மூலைக்கு மாற்றினார்கள். ஓரங்கட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

அந்த வாரம்தான் விற்பனை மேலாளர் ஏஐயை வைத்து ஒரே மாலையில் ஆயிரத்து இருநூறு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எல்லாமே, 'உங்கள் நிறுவனத்தின் அபார வளர்ச்சியைக் கண்டு வியந்தோம்' என்று தொடங்கின. வந்த பதில் மூன்று. இரண்டு பேர், இனி எழுதாதீர்கள் என்றார்கள். மூன்றாமவர் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறவர், தொலைபேசியிலேயே வந்துவிட்டார். யாரும் எடுக்காததால் அக்கா எடுத்தாள்.

"வாடிக்கையாளர்கள் மீண்டும் மீண்டும் வர வாழ்த்துக்கள்னு எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட ஒருத்தர் ஒரு தடவைதாம்மா வருவார்."

அக்கா சிரிப்பை விழுங்கி மன்னிப்புக் கேட்டாள். பழைய வழக்கம் விடவில்லை, "உங்க இடத்துல கதவெல்லாம் எப்படிங்க இருக்கு?" என்றும் கேட்டுவிட்டாள்.

அவர் குரல் தணிந்தது. "அது டமார்னு அடிக்கும்போதெல்லாம் அழுதுட்டு இருக்கறவங்க தூக்கிவாரிப் போட்டுத் திரும்பறாங்கம்மா. எனக்கே கூசுது."

அக்கா அதைக் குறித்துக்கொண்டு நேரே மேலாளரிடம் போனாள். "அடுத்த தடவை நான் அனுப்பிப் பாக்கறேன் சார்."

"ஆயிரம் பேருக்கு வலை வீசினாத்தாம்மா நாலு மீனாவது மாட்டும்."

"நீங்க வீசினது வலை இல்ல சார், கல்லு. இருந்த மீனும் ஓடிப்போச்சு. எனக்கு இருநூறு பேர் போதும். ரெண்டு வாரம் குடுங்க."

போனால் போகிறது என்று கொடுத்தார்.

அக்கா தன் பழைய நோட்டுகளைப் பரப்பினாள். இருநூறு இடங்களையும் மருத்துவமனை, பள்ளி, நூலகம், விடுதி என்று பிரித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயம்: இங்கே தள்ளுவண்டி தாண்டுமுன் கதவு மூடிவிடுகிறது, அங்கே குழந்தைகளின் விரல் நசுங்குகிறது. அதைக் கொடுத்து ஏஐயிடம் எழுதச் சொன்னாள்.

முதல் கடிதத்திலேயே அது சரடு விட்டது. 'உங்கள் நூலகத்துக்கு நேரில் வந்தபோது அந்த அமைதியில் மெய்மறந்தேன்.' அக்கா அந்தப் பக்கமே போனதில்லை. 'நான் குடுத்ததை மட்டும் வச்சு எழுது. தெரியலேன்னா சும்மா இரு' என்று தட்டினாள். அது உடனே மன்னிப்புக் கேட்டது. "பதினாலு வருஷத்துல இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒத்துக்கிட்டது நீ ஒருத்தன்தான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் அது ஒரு தலைமையாசிரியையின் தாயார் சமீபத்தில் காலமானதை இணையத்தில் எங்கோ துழாவி எடுத்து, அனுதாபத்தோடு தொடங்கியது. அக்கா வீட்டில் அதைக் கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்; துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இது உனக்கு வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"பயந்துடுவேன். முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு."

"அப்ப எடுத்துடு. தெரிஞ்சதையெல்லாம் கொட்டறவனை யார் வீட்டுக்குள்ள விடுவா?"

எடுத்தாள். புகழ்ச்சியையும் வெட்டினாள். மிஞ்சியது ஆறு வரி. முடிவில் ஒரே கேள்வி, ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடியது. கீழே அவளுடைய தொலைபேசி எண்ணும், 'வேண்டாமென்றால் ஒரு வரி எழுதுங்கள், திரும்ப எழுத மாட்டோம்' என்ற உறுதியும். ஒவ்வொன்றையும் வாய் முணுமுணுக்கப் படித்துவிட்டு, நாளுக்கு இருபது வீதம் அனுப்பினாள். விடுதிக்காரர்களிடமிருந்து சத்தமே இல்லை. அவர்களுக்குக் கதவின் உறுதியைப் பற்றி ஏஐ எழுதியிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, நடைவழிச் சத்தத்தில் விருந்தினர்கள் தூக்கம் கெடுவதைப் பற்றி எழுதவைத்தாள். அடுத்த கட்டுக் கடிதங்களுக்குப் பதில் வரத் தொடங்கியது.

ஒருநாள் காலை ஒரு பெரிய மருத்துவமனையின் பராமரிப்பு அதிகாரி கூப்பிட்டார். "தள்ளுவண்டி விஷயம் சரியா எழுதியிருக்கீங்க. ஒண்ணு கேக்கணும். இதை எழுதினது மனுஷங்களா, மெஷினா?"

அக்காவுக்குப் பொய் வாயில் வரவில்லை. "எழுதினது மெஷின் சார். விஷயம் என்னோடது. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க நர்ஸ் ஒருத்தர் போன்ல சொன்னாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி வரிவரியா நான்தான் படிச்சேன்."

மறுமுனையில் சிரிப்பு. "ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். நூத்தி நாப்பது கதவு இருக்கு. ஆளை அனுப்பி அளவெடுங்க."

ரிசீவரை வைத்ததும் நோட்டை இழுத்து, 'நூற்று நாற்பது கதவு' என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் முடிந்ததும் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். நல்ல மனிதர், மென்று முழுங்கவில்லை. "நான் ஆயிரத்து இருநூறு அனுப்பினேன், மூணு பதில். அக்கா இருநூறு அனுப்பினாங்க, அம்பத்தொண்ணு. இனிமே வெளிய போற ஒவ்வொரு மெயிலும் அக்கா பொறுப்பு. என்னோடதும்தான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஏதாவது பேசுங்கள் என்றார்கள். "அனுப்பறதுக்கு முன்னாடி வாய்விட்டுப் படிங்க. படிக்க உங்களுக்கே கூச்சமா இருந்தா அனுப்பாதீங்க" என்றாள். முன்வரிசையில் இருவர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கணவர் ஓட்டும் பேருந்திலேயே ஏறி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு?"

"பொறுப்பு முழுசும் எனக்குக் குடுத்துட்டாங்க."

பச்சை விழுந்ததும் அவர், எதிரே ஒரு வண்டியும் இல்லாத சாலையில், நீளமாக இரண்டு முறை ஹாரன் அடித்தார்.