பெஞ்சு போட்ட கடை

மும்பையில் தாதர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் போனை எடுப்பார்கள். ஜெபசிங் சட்டைப் பைக்குள் அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவான். சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிற எந்த ஆப்பையும் அவன் நம்புவதில்லை. தலையில் கூடை சுமந்து போகிற ஓர் ஆளைப் பார்த்து வைத்து, அவர் பின்னாலேயே நடப்பான். கூடையை இறக்கிவிட்டு அவர் எங்கே போய்க் கை கழுவுகிறாரோ, அங்கேதான் அவனுக்கும் சோறு. கொல்கத்தாவில் கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பை அப்படித்தான் கண்டுபிடித்தான். டில்லியில் ராஜ்மா சோறு. இந்தி பாதி, கை ஜாடை பாதியாகப் பேசியே பக்கத்துத் தட்டுக்காரரிடம் பச்சை மிளகாய் வாங்கிக் கடித்துக்கொள்வான்.

செய்யூர் பக்கத்துக் காலனியில் முதன்முதலாக பி.இ. முடித்தவன். பெரிய கட்டடங்களுக்கு லிப்ட் மாட்டுவது வேலை. மாட்டி முடித்த மறுநாளே, வேலைக்காரர்கள் பின்பக்க லிப்டில் போகவும் என்று முன்பக்க லிப்டுக்குப் பக்கத்தில் பலகை தொங்கும். அவன் அதைப் படித்துவிட்டு முன்பக்க லிப்டிலேயே ஏறுவான். செக்யூரிட்டி கேட்டால், டெஸ்ட் பண்ணுவதாகச் சொல்வான்.

கடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், அவ்வளவுதான். நின்றுகொண்டு சாப்பிடுகிற கடையை, வாசனை எத்தனை இழுத்தாலும் தாண்டிப் போய்விடுவான். பார்சலும் கிடையாது. மும்பையில் ஒருமுறை, அவனோடு லிப்ட் மாட்டுகிற பிட்டர் பிரவின்குமார் பசி தாங்காமல், வடாபாவ் வண்டி முன்னால் நின்று கெஞ்சியே பார்த்தான்.

"அண்ணாத்த, ரெண்டே ரெண்டு. நின்னுகினே துன்னுட்டுப் போலாம்."

"எங்கம்மா நெலத்துக்காரன் கொட்டாய்க்குப் பின்னால நின்னுகினே துன்னுச்சு. எங்க வூட்டுக்கு அதுவே போதும்டா."

அன்றைக்கு பெஞ்சு கிடைக்க இரண்டு தெரு தாண்டவேண்டியிருந்தது. பிரவின்குமார் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

இந்தப் பெஞ்சுப் பித்து அவனை ஒருமுறை நன்றாகக் கவிழ்த்தது. செகந்திராபாத்தில் சுமைதூக்கிகள் வரிசையாகப் போய் உட்கார்ந்த, பெஞ்சு போட்ட பந்தலில் இவனும் உட்கார்ந்தான். பப்பு என்கிற பருப்பு, கோங்குராக் கீரை, நெய் எல்லாம் வந்தது. மூன்றாம் சோறு முடித்து, காசு கொடுக்கக் கையை விட்டபோதுதான் மாலை போட்ட படம் கண்ணில் பட்டது, யாருக்கோ கருமாதி. வீட்டுக்காரர் காசை வாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். வெட்கப்பட வேண்டிய கதையை இவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். "யாரு, எந்தத் தெருன்னு ஒரு வார்த்த கேக்கல மச்சான். மொத பந்தியில ஒக்கார வச்சான். எங்க ஊர்ல கல்யாணத்துக்கே கூப்ட மாட்டான்."

ஆபீசில் மேனேஜர் சிவராமுக்கு இது பிடிக்காது. ஏசி ஓட்டலில் சாப்பிடத்தானே கம்பெனி படி கொடுக்கிறது, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் கம்பெனி பெயர் என்னாவது என்பார். "ஏசியில துன்னா எல்லா ஊரும் ஒரே ஊருதான் சார்" என்பான் இவன்.

போன மாதம் திருவிடந்தை பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் லிப்டுகளை ஒப்படைக்கிற நாள். மும்பை கிளைக்கு யாரைத் தலைவராக அனுப்புவது என்று முடிவு செய்ய, கம்பெனிப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். அந்த வேலைக்காக எத்தனையோ லிப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறியவன் ஜெபசிங். அம்மா ஜெசிந்தாவை மும்பைக்குக் கூட்டிப் போய், தாதர் கடைப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

மதியம் பெரியவர்களுக்கும் அவனுக்கும் கண்ணாடி ஹாலில் சாப்பாடு. பிட்டர்களுக்கு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் பொட்டலம். உட்கார அங்கே ஒரு கல்கூட இல்லை. பசங்களையும் ஹாலுக்குள் விடச் சொல்லி ஜெபசிங் கேட்டான். ரிசார்ட்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் சிவராம். பிறகு குரலைத் தாழ்த்தி, மும்பை விஷயத்தை அந்த மேஜையில்தான் பேசப்போகிறார்கள், நீ கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜெபசிங் ஹால் கதவைப் பார்த்தான். சுவரோரம் பொட்டலத்தோடு நின்ற பிரவின்குமாரைப் பார்த்தான். "அத்த அங்கியே வச்சிட்டு வாங்கடா" என்று பைக்கை எடுத்தான்.

கோவளம் போகிற வழியில் ரோட்டோரம் அன்பரசி என்கிற அம்மாள் நடத்துகிற மீன் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. சங்கரா மீன் குழம்பை இவர்கள் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தபோது, வாசலில் சிவராமின் கார் வந்து நின்றது. பிரவின்குமார் எச்சில் கையோடு எழுந்துவிட்டான். ஜெபசிங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

சிவராம் வெயிலில் நின்றபடியே சொன்னார். "எல்லாரும் உனக்காக வெயிட் பண்றாங்க ஜெபசிங். இப்ப வரலன்னா மும்பைய மறந்துடு. கடைசியா கேக்கறேன், வரியா?"

ஜெபசிங் வாயிலிருந்த முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தான். எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்தான். காலியான இடத்தை இடது கையால் துடைத்தான்.

"அக்கா, இன்னொரு எல போடு. சாருக்கு மீனு வாணாம், ரசம் ஊத்து."