சுவரைத் தாண்டிய ஒயர்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப்பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ற’ என்று இன்னும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவது என் வேலை. என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அக்கா மகனுக்கு என் மகள் முறைப்பெண். அவன் காலேஜில் படித்தபோது ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினான். பிறகு என் மகளுக்கும் ஒன்று வந்தது. இரண்டையும் இணைக்க அவனே ஒரு ஒயர் செய்து, சுவருக்கு மேலே கொண்டுவந்து எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். அங்கே அவன் வைத்திருக்கும் படத்தை இவள் இங்கே உட்கார்ந்து பார்ப்பாள்.

"என்னப்பா, தாலிக்கு முந்தியே ஒயரக் கட்டிப்புட்டானே ஒன் மருமகன்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

வேலைக்குப் போன ஊரில் அவன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். என் மகள் அழவில்லை, என் மனைவிதான் அழுதாள். கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று அவள் சொன்னாள், நானும் போகவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டுத்தான் மாப்பிள்ளை மேடை ஏறுவான். அக்கா மண்டபத்து வாசலையே பார்த்து நின்றுவிட்டு, கடைசியில் ஒரு பங்காளியை விட்டுப் போடச் சொன்னாளாம். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பேச்சு நின்றால் எங்கள் ஊரில் எல்லாமே நின்றுவிடும். குழம்புக் கிண்ணம் போகாது, கறிவேப்பிலை கேட்க முடியாது. ஒயர் மட்டும் சுவர்மேல் கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றாலும் யாராவது பேசியாக வேண்டுமே.

மகள் படிப்பை முடித்து வாழைக்காய் கமிஷன் கடையில் பில் போடப் போனாள். லாரிக்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிற வேலை ஒன்று கூடி வந்தது. அதற்கு ஒரு பரீட்சை. செல்போன் நெட்டில் எழுதக் கூடாது, ஒயர் லைன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புது லைன் கேட்டோம். பரீட்சைக்குள் வராது என்றார்கள். அக்கா வீட்டில் லைன் இருந்தது.

ஊருக்கு வெளியே மட்டும் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், என்னோடு பேசுவார். பரீட்சைக்கு முதல் நாள் தோட்டத்துக்கு வந்தார்.

"ஏலே, பிள்ளைக்குப் பரீட்சையாம்ல. அந்த ஒயரு சும்மாத்தான கெடக்கு, எங்க நெட்டு லைன் வர்ற பெட்டியில சொருகி விடுறேன். ஒங்க அக்காவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பா."

"எங்க வீட்டுல தெரிஞ்சா வைவாளே மச்சான்."

"அவளும் தெரியாத மாதிரியே இருக்கட்டும். ஊரே நடிக்குது, நீ மட்டும் என்னத்துக்கு முழிக்கிற?"

சொன்னபடி சாயங்காலம் சொருகினார். லைன் வந்தால் ஒயர் சொருகுகிற இடத்தில் ஒரு சின்ன லைட் எரியும். எங்கள் பக்கம் அது எரியவில்லை. அவர் பக்கமும் எரியவில்லை என்று ஊர்க்கோடிக்குப் போய்ப் போனில் சொன்னார். மகள் ஒயரின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது குறுக்கு ஒயருப்பா. ரெண்டு கம்ப்யூட்டர நேரா சேக்குறதுக்கு உள்ளது. ஒரு தலையில பச்சை இழை முன்னால வரும், மறு தலையில ஆரஞ்சு இழை முன்னால வரும். பெட்டியில மாட்டணும்னா ரெண்டு தலையும் ஒண்ணு போல இருக்கணும். நம்ம பக்கம் பச்சை இருக்கு. இந்தத் தலைய வெட்டி ஆரஞ்சா மாத்திட்டாப் போதும்."

புதுப் பெட்டி, புதுக் கம்ப்யூட்டர் என்றால் எந்த ஒயரையும் தானே அனுசரித்துக்கொள்ளுமாம். அவர்கள் பெட்டியும் பழசு, எங்களுடையதும் பழசு.

விடிந்ததும் கேபிள் டிவிக்காரரிடம் புதுத் தலையும், அதை அழுத்துகிற கொறடும் வாங்கி வந்தாள். நான் பழைய தலையை வெட்டினேன். உள்ளே பின்னிக் கிடந்த எட்டு இழையையும் பிரித்து நீவி விட்டேன். அவள் நிறத்தைச் சொல்லச் சொல்ல வரிசையாக வைத்தேன். ஆரஞ்சும் பச்சையும்தான் இடம் மாறின, நீலமும் பழுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் தலையை மாட்டி அழுத்தி, கம்ப்யூட்டரில் சொருகினாள். தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லைட் எரியவில்லை.

கழற்றிப் போட்டுப் பார்த்தோம். நிறங்களைச் சரிபார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது அவர் எடுக்க மாட்டார்.

"அப்பா, சுவத்துப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேளுங்கப்பா, பெட்டி ஓடுதான்னு."

போனேன். அந்தப் பக்கம் மருமகன் குரல் கேட்டது. வெளியூரிலிருந்து காலையில்தான் வந்திருக்கிறான். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

"அவன் வந்துட்டான்ல, அதான் புடுங்கிப்புட்டாக" என்றாள் என் மனைவி. "மாலை போட வராத மாமனுக்கு லைன் ஒண்ணுதான் கேடுன்னு நெனச்சிருப்பாக."

பரீட்சை நேரம் முடிகிறவரை மகள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் சுடிதாரை மாற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனாள்.

மச்சான் அதன்பிறகு தோட்டப் பக்கமே வரவில்லை. அடுத்த கவாத்து நடந்தபோதுதான் வந்தார். திராட்சைப் பந்தலுக்கு வெளியே நின்றே பேசினார்.

"நீ செஞ்சது நல்லா இல்லலே. லைட் எரியலன்னு நான் சொன்னதக் கேட்டுட்டு, எம் மகன் பஸ்ஸ விட்டு எறங்கினதும் மொத வேலையா அந்த ஒயருக்குப் புதுத் தலை போட்டான். 'நான் போட்ட ஒயருப்பா, எனக்குத் தெரியும், நம்ம தலைய மாத்திட்டா அவளுக்கு எரியும்'னான். அப்பவும் எரியல. நீங்க அங்கன புடுங்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கீக."

"நாங்க புடுங்கல மச்சான். எங்க தலையவும் மாத்தினோம்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சட்டென்று புரியவில்லை. எங்கள் பச்சை ஆரஞ்சாகிவிட்டது. அவர்கள் ஆரஞ்சு பச்சையாகிவிட்டது. இரண்டு பக்கமும் மாற்றியதால் ஒயர் பழையபடி குறுக்காகவே நின்றுவிட்டது. கத்தரியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். மச்சான் சிரிப்பதுபோல ஏதோ செய்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அப்பறமா வந்து நல்லவுக மாதிரி சொல்லுவாக" என்றாள். அக்கா வீட்டிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். மகள் மட்டும் நம்பினாள்.

"இப்பக்கூட ஏதாச்சும் ஒரு தலைய மாத்துனா எரியும்ப்பா."

"மாத்திருவோமா ஆத்தா?"

"இனிமே எரிஞ்சு?" என்றாள்.

அவளுக்குத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்க வேண்டியவள். இன்று காலை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போவதற்கு முன்னால் அந்த ஒயரைக் கழற்றிவிடச் சொன்னாள். ஜன்னலில் இருந்து உருவிச் சுவருக்கு மேலே போட்டேன். சற்று நேரம் அப்படியே தொங்கியது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக இழுத்தார்கள். நாங்கள் மாட்டிய தலை சுவர்மேல் ஒரு இடத்தில் சிக்கி நின்றது. இழுப்பதும் நின்றது. நான்தான் எடுத்துவிட்டேன். ஒயர் போய்விட்டது. இழுத்தது யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எழுதியது: ஆவணி மாதம் பதினெட்டாம் தேதி.