கார்டில் மூன்றாவது கேள்வி

சேலத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் ஏற்காடு பஜாரில் சொன்னார்: மயக்க மருந்து டாக்டர் சுலோச்சனா அம்மா நேற்று மாலை மாரடைப்பில் காலமாகிவிட்டார். எந்தச் செய்திக்கும் என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். இன்று கிண்டல் இல்லாமலே சேலம் பஸ்ஸில் ஏறினேன்.

ஆபரேஷன் நாள்களில் மட்டும் அவர் மலையேறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். 'தாலாட்டு டாக்டர்' என்று நான் வைத்த பட்டம் காதில் விழுந்ததும் சிரித்தார். "தூங்க வைக்கறது சுலபம் சாமி. எழுப்பறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

எட்டாம் வகுப்பில் எனக்கு டான்சில் ஆபரேஷன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நாலு மிளகாய் பஜ்ஜியை உள்ளே தள்ளிவிட்டுப் போனேன்.

"ஒண்ணும் சாப்பிடலையே கண்ணு?" என்றார் டாக்டரம்மா.

கேள்வியிலேயே பதில் இருந்தது. "இல்லீங்க" என்றேன். மேசையில் படுத்ததும் ஏப்பம் காட்டிக்கொடுத்தது. கையிலெடுத்த மயக்க மருந்து முகமூடியைக் கீழே வைத்தார்.

"என்ன சாப்பிட்ட? எத்தனை மணிக்கு?"

சொன்னேன். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிரே போய்விடும் என்று என் அம்மாவுக்கு விளக்கி, ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அம்மா கை ஓங்கினார்.

"பையனை அடிக்காதீங்க. நான் கேட்ட கேள்விதானுங்க தப்பு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் சேலத்தில் அவர்களுடைய மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் மாதாமாதம் கூடும். அங்கே அவரவர் தவறை அவரவரே எழுந்து சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர் கூடாது, இளக்காரம் கூடாது, இனி எதை மாற்றுவது என்பதுதான் பேச்சு. என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, என் பஜ்ஜியைத் தமது தவறாக அங்கே சொன்னார்.

சில மாதங்களில், மயக்கம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளோடு சங்கம் அச்சடித்த கார்டு எங்கள் ஆபரேஷன் அறைக் கதவில் ஏறியது. முதல் இரண்டு கேள்விகள் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் கருவிகளையும் பற்றியவை. மூன்றாவது: 'கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?' அதில் பாதி என்னுடையது என்று பள்ளி முழுக்கப் பீற்றினேன். பிறகு பக்கத்து மலைக்கிராமம் மஞ்சக்குட்டையிலிருந்து ஆபரேஷனுக்கு வந்த ஓர் அக்கா அந்தக் கேள்விக்கு, "சாப்பிடலைங்க, ஆறு மணிக்குக் கூழுதான் குடிச்சேன்" என்றாராம். கூழைச் சாப்பாட்டில் சேர்க்காத ஊர் எங்களுடையது. அவருடைய ஆபரேஷனும் தள்ளிப்போனது. அவர் இன்றும் இருக்கிறார். நானும்தான்.

இன்று மதியம் சேலத்தில் டாக்டரம்மாவின் உடலருகே நின்றேன். அழுகை வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா தோளைத் தொட்டார்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு, ரெண்டு இட்லிங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

இந்த முறை உண்மையைத்தான் சொன்னேனுங்க டாக்டரம்மா. நீங்க தூங்குங்க.