வரைந்த படத்துக்கு மட்டும் அனுமதி

என் மாமனார் தம் ஆயுளில் ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. ஆனால் சினிமா என்றால் என்னவென்பதில் அவருக்கு முடிவான கருத்து ஒன்று இருந்தது: ஆணும் பெண்ணும் ஊர் பார்க்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுவது. அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகைப் பக்கம் போவதில்லை. இதை அவர் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் உடுமலைப்பேட்டையிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கோயமுத்தூரில் அவினாசி சாலையிலிருந்து சற்று உள்ளே, மாமனாரின் மில்லுக்குப் பின்புறம் இருந்த பெரிய வீடு. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார், அவருடைய மூத்த மகன், நான் அக்கா என்று கூப்பிட்ட என் ஓரகத்தி, அவர்களுடைய மூன்று குழந்தைகள், என் கணவர், நான். இவ்வளவுதான் குடும்பம்.

சாப்பாட்டுக்கோ துணிமணிக்கோ குறைவில்லை. யாரும் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதனாலேயே எனக்கு என்ன கஷ்டம் என்று யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தது. காலையில் மில் சங்கு ஊதியதும் ஆண்கள் போவார்கள். மத்தியானச் சங்குக்குச் சாப்பிட வருவார்கள். மறுபடி போவார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூர்க்கா அதைத் திறப்பதும் மூடுவதும் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் அக்காவோடு கோயிலுக்குப் போகலாம். கார் ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும். திரைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் அளவு இடைவெளி கிடைக்கும். கல்யாணமாகிப் பல மாதங்கள் வரை எனக்குத் தெரிந்த கோயமுத்தூர் அந்த இரண்டு விரல் அகலம்தான்.

நான் பொள்ளாச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவள். காலைப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசித்தது நான்தான். ஒரு மெட்டை இரண்டு தடவை கேட்டால் விரல் தானாக அதைத் தேடிக்கொள்ளும். இந்த வீட்டில் ரேடியோ இருந்தது, மாமனாரின் அறையில். செய்தி முடிந்து பாட்டு தொடங்கும் முன்பே குமிழைத் திருப்பிவிடுவார். பாட்டின் முதல் மூச்சு கேட்கும், அதோடு சரி. அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டு மீதிப் பாட்டு எப்படி இருக்கும் என்று நான் கீரை ஆய்ந்துகொண்டே யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்போது மூத்த பெண்குழந்தைக்கு ஒன்பது வயது. அடுத்தவன் பையன், கடைசிப் பெண்ணுக்கு ஆறு. ஒருநாள் பள்ளியிலிருந்து சீட்டு ஒன்று கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை காலை, குழந்தைகளுக்கென்று கொட்டகையில் தனிக்காட்சி. ஆங்கில பொம்மைப் படம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். அக்காவுக்கு நாள் பூராவும் மூட்டுவலி. எனக்கு அப்போது குழந்தை இல்லை. குழந்தைகள் என் பெயரைச் சொன்னார்கள்.

மாமனார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்கண்ணு, அதுல ஆம்பள பொம்பள யாராச்சும் வருவாங்களா?"

"இல்லீங்க அப்பாரு" என்று தாத்தாவுக்குப் பதில் சொன்னாள் பெரியவள். "எல்லாம் மிருகங்க. அதுவும் நெசம் இல்லீங்க, வரைஞ்சது."

"வரைஞ்சதா?"

"ஆமாங்க. பேப்பர்ல வரைஞ்சு ஓட உடுவாங்களாமா."

அவர் யோசித்தார். "அப்பச் செரி. சித்தியக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

கொட்டகை நிறையச் சீருடைக் குழந்தைகள். விளக்கு அணைந்ததும் எல்லாரும் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள். திரையில் நிறம் வந்தது. நான் அதுவரை பார்த்த இரண்டே படங்களும் கறுப்பு வெள்ளை. இந்தப் பச்சையையும் நீலத்தையும் கண்டதும் கையைக் கொண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் வாழும் ஒரு குட்டிப் பிராணியின் கதை. அது நீர்நாயா கீரியா என்று எங்களுக்குள் கடைசிவரை சண்டை ஓயவில்லை. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய் ஒரு பட்டணத்தில் தள்ளிவிடுகிறது. வீட்டுக்கு வழி கேட்டு அலைகிறது. பேச்சு எங்களுக்குப் பாதிகூடப் புரியவில்லை, புரியாதது குறையாகவும் தெரியவில்லை. பூனை துரத்தினால் மிருதங்கம் உருண்டு விழுகிற மாதிரி வாத்தியங்கள் ஓடின. குட்டி ஒளிந்துகொண்டால் ஒரே ஒரு குழல் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. படம் முழுக்க ஒரே பாட்டுத்தான். முதலில் தாய் பாடுவாள், துள்ளலாக. நடுவில் மழையில் நனைந்துகொண்டு குட்டி அதையே மெதுவாகப் பாடும், வார்த்தை மறந்து மறந்து. கடைசியில் எல்லாப் பிராணிகளும் சேர்ந்து பாடும்.

மழையில் பாடும் இடத்தில் என் பக்கத்திலிருந்த குழந்தைகள் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் முன்னால் இருப்பது யாரோ மையும் வண்ணமும் வைத்துப் போட்ட கோடு என்று எனக்குத் தெரியும். கோடு அழுதால் நான் ஏன் அழ வேண்டும்? பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். நடிகை அழுதால் அது அவள் முகம். நான் வெளியே நின்று பார்க்கிறேன். இந்தக் குட்டியின் முகம் யாருடையதும் இல்லை. யார் வேண்டுமானாலும் அதற்குள் நுழைந்துகொள்ளலாம். நான் நுழைந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் அந்த மெட்டைத் தப்புத் தப்பாக முனக ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மாடியில் உட்காரவைத்துத் திருத்தினேன். சத்தம் கேட்டு அக்கா படியேறி வந்தார்.

"ஏனம்மணி, சினிமாப் பாட்டா? மாமா காதுல உழுந்தா என்னாகறது?"

அன்று மத்தியானமே அந்த மெட்டுக்குத் தமிழில் வார்த்தை போட்டேன். 'வாய்க்காத் தண்ணி, வாய்க்காத் தண்ணி, எங்கூட்டுக்கு வழியெது?' என்று தொடங்கும். வாழைத்தோப்பு, கொக்கு, வரப்பு நண்டு எல்லாம் அதில் வரும். குழந்தைகள் வீடெல்லாம் பாடிக்கொண்டு ஓடினார்கள். ஒருநாள் மாமனார் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். "இதென்ன பாட்டு அம்மணி, நல்லாருக்குதே?"

"கொழந்தைங்க பாட்டுங்க மாமா" என்றேன். பொய் இல்லை.

அதன்பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை அப்படி ஒரு காட்சி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில், அதே அனுமதி. மூன்று படம் பார்த்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நான் உயிரோடு இருந்தது அந்த மெட்டுகளால்தான். மிகையாகச் சொல்லவில்லை. மாவாட்டும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று என்று வாய்க்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நாலாவது தடவை தவறு நடந்தது. நாங்கள் போய் உட்கார்ந்த பிறகு கொட்டகைக்காரர் ஒருவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். மெட்ராஸிலிருந்து படப்பெட்டி ரயிலில் வரவில்லை, பதிலுக்கு வேறு ஆங்கிலப் படம் போடுகிறோம், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்றார். உடன் வந்திருந்த பள்ளிக் கன்னியாஸ்திரீகள் கூடிப் பேசிவிட்டு விடுதிக் குழந்தைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கார் ஒரு மணிக்குத்தான் வரும். வெளியே வராந்தாவில் பெஞ்சு இருந்தது. போய் உட்கார்ந்திருக்கலாம்.

நான் எழுந்திருக்கவில்லை. இதை இவ்வளவு வருஷம் கழித்தும் நேராகச் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் உட்காரவில்லை. உட்கார ஆசைப்பட்டு உட்கார்ந்தேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைக்குட்டி சொன்னாள். "அப்பாரு, இன்னிக்குப் படத்துல ஒரு மாமா ஒரு அக்காளுக்கு முத்தங் குடுத்தாருங்க."

பரிமாறிக்கொண்டிருந்த என் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. மாமனார் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"படத்த மாத்திப்போட்டாங்களா அம்மணி?"

"ஆமாங்க மாமா. பெட்டி வரலீங்களாம்."

"வெளிய வந்து உக்காந்திருக்கலாமல்லோ?"

நான் ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தேன். அவர் மோர் விட்டுச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். "போச்சாது, உடு. இனிமே கொழந்தைகள டிரைவரே கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். கோபமே இல்லாத குரல். கத்தியிருந்தால் நான் அழுதிருக்கலாம்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர். நகத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பாகிட்ட நான் எப்புடிச் சொல்றது?" என்றார்.

அடுத்த காட்சிக்குக் குழந்தைகள் போனபோது ஜன்னலில் நின்று கார் வெளியேறுவதைப் பார்த்தேன். கூர்க்கா கேட்டை மூடினார். அன்று காலை நகர்ந்த மாதிரி எந்தக் காலையும் நகர்ந்ததில்லை. ஒன்றரை மணிக்குப் பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடிவந்தாள். வாயை இறுக்க மூடியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெட்டை முழுதாக முனகி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"வண்டியில வரும்போது யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேனுங்க சித்தி. பேசுனா மறந்துபோயிரும்."

அதன்பிறகு இரண்டு வருஷம் அதுவே வழக்கமாயிற்று. அவள் எனக்காகப் படம் பார்த்தாள். மற்றக் குழந்தைகள் சிரிக்கும்போது அவள் மெட்டை மனப்பாடம் செய்துகொண்டிருப்பாளாம். திரும்பி வந்து, "இந்த எடத்துல எறங்குதுங்க சித்தி, ஆனா முழுசா எறங்கல, பாதியில நிக்குது" என்பாள். நான் இரண்டு மூன்று விதமாகப் பாடிக் காட்டுவேன். சரியானது வந்ததும் கையைத் தட்டுவாள். கட்டில்மேல் ஏறி நின்று கரடியாகவும் கிழவியாகவும் கப்பலாகவும் நடித்துக் காட்டுவாள். நான் பார்க்காத அந்தப் படங்கள் பார்த்த படங்களைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் ஒரு குழந்தையின் காலை நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற உறுத்தலும் இருந்தது. அவள் தனக்காக ஒரு படமாவது பார்த்தாளோ என்னவோ.

பதின்மூன்றாம் வயதில் அவள் பெரியவளானாள். சீர் நடந்தது. பந்தல் பிரித்த மறுநாள், இதுவரை படித்தது போதும் என்று மாமனார் சொன்னதாக அக்கா வந்து சொன்னார். அடுத்த சனிக்கிழமைக் காட்சிக்குச் சின்னவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். நானும் பெரியவளும் மாடி ஜன்னலில் நின்றோம். அவள் புதுத் தாவணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த பையனிடம் படம் எப்படி என்று கேட்டோம். "நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அன்று எனக்குப் பயம் வந்தது. என் விஷயத்தில் நான் பழகிக்கொண்டிருந்தேன். அவள் பழகிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை மாமனார் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எது கேட்பதானாலும் நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பேன். அன்று முன்னால் போய் நின்றேன்.

"மாமா, ஒண்ணு கேக்கோணுங்க."

"சொல்லம்மணி."

"பெரிய புள்ளைய பள்ளிக்கோடத்துல இருந்து நிறுத்த வேண்டாமுங்க."

பேப்பரை மடித்தார். "பெத்தவங்களே பேசாம இருக்கறப்ப உனக்கென்ன?"

"நான் இந்த ஊட்டுக்கு வந்து அஞ்சு வருசமாகப் போகுதுங்க. வெளிய நடக்கறதெல்லாம் அந்தப் புள்ள வந்து சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும். அவளும் உள்ள வந்துட்டா எங்க ரெண்டு பேருக்கும் வந்து சொல்றதுக்கு யாருங்க இருக்காங்க?"

"உனக்கு இங்க என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க மாமா. வெளிய போக முடியலீங்க. அவ்வளவுதானுங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. சங்கு ஊதியது. எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் காலை டிரைவரைக் கூப்பிட்டுப் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரச் சொன்னார். அடுத்த காட்சிக்கான சீட்டு வந்தபோது, கூடத்தில் நின்று, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதபடி, "வயசுப் புள்ளையத் தனியா உடறதா? சித்தி கூடப் போகட்டும்" என்றார். ஆம்பள பொம்பள வருவார்களா என்று கேட்கவில்லை. மறந்திருக்கலாம். கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

வீடு அதன்பிறகும் அதே வீடுதான். நாங்கள் தனிக்குடித்தனம் போனது அறுபதுகளின் கடைசியில். அதுவரை வெள்ளிக்கிழமை கோயிலும் காரின் திரையும் மாறவில்லை. அந்தச் சீட்டுக்கு உரிய ஒரு சனிக்கிழமை மட்டும் நானும் அவளும் தாவணியும் சேலையுமாகச் சின்னக் குழந்தைகள் நடுவே போய் உட்கார்ந்தோம். படம் மட்டமாக இருந்தது. மிருகங்களின் வாய் ஒரு பக்கம் அசைய, பேச்சு ஒரு பக்கம் வந்தது. பாட்டு என்ற பேரில் பித்தளை வாத்தியங்கள் அலறின. முனகிப் பார்க்க ஒரு மெட்டுகூடத் தேறவில்லை.

"நல்லாவே இல்லீங்களே சித்தி" என்றாள் காதோடு.

"ஆமா கண்ணு."

"எந்திரிச்சுப் போலாங்களா?"

"இரு" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். விளக்குப் போடும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.