துவாய்க் கம்பியும் மூன்று முழமும்

பைப் வேலையில் தண்ணீரைச் சமாளித்துவிடலாம். வெளிநாட்டில் குளித்துவிட்டு வந்தவரைச் சமாளிக்க ஏலாது. எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் நாரந்தனை இராசையா. பிறர் வீட்டுக் குளியலறையில் முதுகை வளைத்து, பிறர் விட்ட பிழைக்குப் பேச்சு வாங்கியவர்களே, மிச்சம் உங்களுக்கே விளங்கும். ஆனாலும் சொல்கிறேன்.

லண்டன் அளவு

இராசையா அண்ணை லண்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு, எழுபதுகளில் ஊரோடு வந்து கல்வீடு கட்டினார். குளியலறையில் ஷவருக்குத் தடுப்பும் இல்லை, திரையும் இல்லை. நேரே நடந்துபோய் நிற்க வேண்டும். பக்கத்துச் சுவரில் ஏணி மாதிரி ஒரு குழாய்க் கம்பி. குசினி அடுப்புக்குப் பின்னால் உள்ள தொட்டியின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும். ஈரம் துடைக்கிற துவாயை அதில் போட்டால் சூடாக இருக்குமாம். பங்குனி வெயிலில் வேலியில் போட்ட துவாயைக் கையால் தொட ஏலாத ஊரில்!

"ஷவரிலயிருந்து ஒரு முழத்தில வையும்" என்றார்.

"அண்ணை, எங்கட சனம் நிண்டு நனையிற சனமில்லை, அள்ளி ஊத்திற சனம். மூண்டு முழம் தள்ளி, எதிர்ச் சுவரில வைப்பம்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் லண்டனில எத்தினை நாள் குளிச்சனீர்?" அவர் சொன்ன ஒரு முழத்திலேயே வைத்தேன்.

வாளி

புதுவீட்டுக் குடிபூரலன்று முதல் குளிக்கப் போனவர் நெடுந்தீவிலிருந்து வந்த அவருடைய அத்தான் கந்தையா. கையில் வாளி. ஷவரைத் திறந்து வாளியை நிரப்பி, கிணற்றடியில் போலத் தலையில் ஊற்றினார். பத்து வாளி. குசினியில் தொட்டி பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் 'சளார், சளார்' என்று கேட்டது. விருந்தாளிகளுக்கென்று கம்பியில் போட்டிருந்த ஆறு துவாயும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன.

"அத்தான், அதுக்குக் கீழ சும்மா நிண்டால் போதுமெல்லோ!" என்றார் இராசையா அண்ணை.

"நிண்டனான் தம்பி. அது தூறுது. எப்ப நனைஞ்சு முடியிறது?"

சபை சிரித்தது. இராசையா அண்ணை சிரிக்கவில்லை. நான் வாசல்படியில் நிற்க, வந்த சனம் முழுவதற்கும் கேட்கச் சொன்னார்: "கம்பியைக் கிட்டக் கொண்டுபோய் வைச்சது இந்த மேசன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, வேற என்ன செய்யும்?"

மார்கழி

அந்த மழைக்காலத்தில் குழாய் கசிகிறதென்று அவர் மனைவி பரமேசு அக்கா கூப்பிட்டார். போனால், கம்பியில் சுளகு கட்டி மோர்மிளகாய் காய்கிறது. அதே கம்பியில் தொங்கிய துவாயால் இராசையா அண்ணை சற்று முன்னர்தான் முகம் துடைத்திருக்கிறார். கண்ணைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

அக்கா அசையவில்லை. "ஒரு துவாய் சுட நான் ஒரு கட்டுப் பனைமட்டை எரிக்கிறன். அந்தச் சூட்டில மிளகாயும் காயட்டுமன்."

பெயர்

மண்கும்பானில் ஒருவர் புதுக் குளியலறை கட்டினார். என்னிடம் பேசி வைத்த வேலை. ஆனால் வந்து இறங்கியது டவுன் மேசன். ஏன் என்று போய்க் கேட்டேன்.

"நீர் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் துவாய் நனைக்கிற மேசன் எண்டெல்லோ ஊரில கதை!"

அளவெடுப்பு

இரண்டு வருடம் கழித்து, கிணற்று உவர் பிடித்துக் குழாய் அடைத்துப்போனதென்று இராசையா அண்ணை ஆளனுப்பினார். உள்ளே போனேன். கம்பி எதிர்ச் சுவரில் இருந்தது. ஷவரிலிருந்து கையால் அளந்தேன். சரியாக மூன்று முழம்.

திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். நான் அளந்ததைப் பார்த்துவிட்டார். தொண்டையைச் செருமினார். சொல்லத்தான் போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

"இப்ப துவாய் நனையிறேல்லை" என்றார், சுவரைப் பார்த்து. "டவுன் மேசன் மூளைக்காரன், என்ன?"

அவர் குழாயில் அடைத்த உவரை அன்றே எடுத்துவிட்டேன், 'நீர் சொன்னதுதான் சரி' என்ற மூன்று சொல் மட்டும் அவர் தொண்டையில் இன்றுவரை அடைத்து நிற்கிறது.