மேட்டுப் பூவும் ஓடைப் பூவும்

"…மேட்டுப் பூ வேற, ஓடைப் பூ வேற தம்பி. மேட்டுப் பூ பாலுக்கு நல்லது. ஓடைப் பூ நஞ்சு. மேல ஏறச் சோம்பல்பட்டு இவ ஓடையிலயே அறுத்துப் போட்டா, மாடு படுத்துருச்சு" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா.

'இவ' என்றது மருமகளை. போன தை மாதம் மடுல்சீமையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, இந்த ஒற்றையறைக் காம்பரா வரிசைக்கு, வாழ வந்த பெண். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், எப்போதாவதுதான் வருவான். அவள் வாசற்படியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியான பஸ்ஸுல இவ ஆத்தா வீட்டுக்குக் கெளம்பட்டும். மகங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் புல்லுதான் அறுத்தேன் அத்தை. அதுக்குள்ள பூ ஒண்ணு ரெண்டு கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு எதுக்கு இருக்கு? போன்ல படம் பார்க்க மட்டுமா?"

அக்காவின் பேச்சைக் கேட்பதற்கென்றே நான் பல நாள் என் பெட்டிக்கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்றிருக்கிறேன். பால் எடுக்க வரும் ஆள் ஒரு தடவை, உங்கள் பால் தண்ணியாக இருக்கிறது என்று மெஷினைக் காட்டினான். "உங்க மெஷினுக்கு முதல்ல கண்ணாடி போடச் சொல்லுங்க. எங்க மாடு குடிக்கிறதுதான் தண்ணி, கொடுக்கிறது பாலு" என்றார். லயமே சிரித்தது. ஆனால் அந்தச் சொல் அவருக்குள் தைத்துவிட்டது. மேட்டு மஞ்சள் பூவை மாடு தின்றால் பாலில் மஞ்சள் பிடிக்கும், வெண்ணெய் திரளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அன்றிலிருந்து மேட்டுக்கு ஏறிப் பூவும் தண்டுமாகப் பிடுங்கி வந்து, பொடியாக நறுக்கி, சாயங்காலப் புண்ணாக்கில் பிசைந்து வைப்பார். மாட்டிடம் பேசிக்கொண்டேதான் தலை வாருவார். சீப்பில் சிக்கிய முடியைக்கூட அதனிடம் காட்டிக் குறைப்படுவார்.

அந்த மாடு இப்போது எழவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளித்துவிட்டது. காலையில் பதுளையிலிருந்து வந்த மாட்டு டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஈரல் போயிருக்கு. பத்தனையில மஞ்சப் பூ ஒண்ணு இருக்குமே, அதைத் தின்னுச்சா? ஒரு நாள்ல வர்றதில்ல இது. மாசக்கணக்கா உள்ள போயிருக்கணும். செடி கிடைச்சா போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். ஊசி போட்டார். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

மாசக்கணக்கு என்ற சொல்தான் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. வந்த நாளிலிருந்து புல் அறுப்பது அவள்தானே.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. "செடியைக் கொண்டு வர்றேன் அக்கா, அதுவரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் பத்தனைக்கு ஏறினேன். தேயிலை முடிகிற இடத்தில் தொடங்கும் புல்வெளியைத்தான் பத்தனை என்போம். செடி கொடி பற்றி எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. குனிந்து பார்க்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

உச்சியில், காற்று சீறும் இடத்தில், மேட்டுப் பூ தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. கரண்டி மாதிரி சின்ன இலைகள், வட்டமாக. அடிப்பக்கம் திருப்பினால் வெள்ளைக் கம்பளி. விரல் நீளத் தண்டில் ஒரே ஒரு பூ. நாம் ஒரு பூ என்பது உண்மையில் ஒரு கூட்டம். நடுவில் நெருக்கியடித்து நிற்கும் குட்டிப் பூக்கள், ஓரத்தில் நாக்கு நீட்டிய பூக்கள். உச்சியில் சிலதற்கு அந்த நாக்குகளே இல்லை, மஞ்சள் பொத்தான் மாதிரி இருந்தன.

ஓடைப் பூவோ இடுப்பளவு. கையகல இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். இலையின் அடி தண்டை இரண்டு காது மாதிரி பிடித்திருக்கும். கம்பளி இல்லை. கிளைக்குக் கிளை பூ. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி என்று நானும் சத்தியம் செய்திருப்பேன்.

ஆனால் நான் உச்சியிலிருந்து ஓடைக்கு நடந்தே இறங்கினேன், வழியில் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டே. இறங்க இறங்கத் தண்டு நீண்டது. கரண்டி இலையின் ஓரம் முதலில் நெளிந்தது, பிறகு பல் கட்டியது. கம்பளி மெலிந்து மெலிந்து நரம்பில் மட்டும் நின்றது. எங்குமே ஒன்று முடிந்து மற்றது தொடங்கவில்லை. எல்லாப் பூவுக்கும் அடியில் ஒரு பச்சைக் கிண்ணம், அந்தக் கிண்ணத்து இதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் மை தொட்ட மாதிரி கரும்பொட்டு. கசக்கினால் எல்லாவற்றிலும் அதே பச்சைக் கசப்பு வாடை.

இரண்டும் ஒன்றென்றால், புல்லோடு ஒன்றிரண்டு தண்டு கொண்டுவந்தவள் மருமகள். பிடி பிடியாகப் பிசைந்து ஊட்டியவர் அக்கா. இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் பெண் பஸ் ஏறிவிடுவாள். மாட்டைக் கொன்றவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் மடுல்சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வாசலில் சாக்கை விரித்து, உச்சிச் செடி ஒரு முனையில், ஓடைச் செடி மறு முனையில், நடுவில் மற்றவை என்று வரிசையாக வைத்தேன்.

"எந்த இடத்துல பிரியுதுன்னு நீங்களே சொல்லுங்க அக்கா."

"இதென்ன, கடைச் சாமான் பரப்புற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே குந்தினார். விரல் உச்சிச் செடியிலிருந்து நகர்ந்தது. நடுவில் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. ஒரு பூவைக் கவிழ்த்துக் கரும்பொட்டைப் பார்த்தார். கடைசிச் செடியின் பூவையும் கவிழ்த்தார். எழுந்து மாட்டுக் கொட்டிலுக்குள் போனார். சாயங்காலத்துக்கென்று கூரைச் சட்டத்தில் சொருகி வைத்திருந்த மேட்டுப் பூக் கட்டை உருவி, அதிலும் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். மாடு தலையைத் தூக்க முயன்றது. அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. மருமகள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் வர்றேன் அத்தை."

அக்கா கொட்டிலிலிருந்து வந்தார். கையிலிருந்த பூக்கட்டை எங்கே போட்டார் என்று நான் கவனிக்கவில்லை. அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு காம்பராவுக்குள் போய், எங்கள் இருவரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.