ஐயாவின் பழைய நேரம்

மறதிநோயுள்ள முதியவர்களைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பயிற்சி உப்புவெளியில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது. என் பொறுப்பில் விடப்பட்ட ஐயா, குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானுக்கும் அப்பாலிருந்து வந்த, வயல் விதைத்து வாழ்ந்த கமக்காரர். மனைவியின் பெயர் மறந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வார். ஆனால் காலையில் கைமணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க ஒருநாளும் மறந்ததில்லை.

இன்றைய நாளையும் நேரத்தையும் அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான் சொன்னதைச் செய்கிற மாணவி. அவருடைய மணிக்கூடு தினமும் அரை மணித்தியாலம் பிந்திக் காட்டியது. தினமும் திருத்தி வைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சோறு கொண்டுபோனால் கோப்பையைத் தள்ளிவிடுவார்.

"இன்னும் நேரமாகேல்லைப் பிள்ளை. விசரே உங்களுக்கு?"

ஒருநாள் பருப்புக்கறி முழுக்க என் சேலையில். பொறுப்புத் தாதிக்கு அலுத்துவிட்டது.

"நீங்கள் பாவம் பாக்கிறியள். திங்கக்கிழமை டொக்டர் வரட்டும், நித்திரைக் குளிசை எழுதுவிப்பம்."

அந்தக் குளிசை போட்டவர்கள் நாள் முழுக்கக் கதிரையில் வாய் திறந்தபடி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தாதியை "மாமியார்" என்று கூப்பிட்டு விறாந்தை முழுவதையும் சிரிக்கவைக்கும் இந்த மனிதர் அப்படி ஆகிவிடக் கூடாது என்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மகளுக்காக இறங்குதுறையில் நின்றேன். அவள் அக்கரையில் படிப்பித்தாள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். நாலே கால் ஆயிற்று. கடற்படைப் படகொன்று விரைந்து போனது. போர்க்காலம். அக்கரையில் என்னவோ நடந்துவிட்டதென்று துறையின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தேன். இப்போதும் அந்த இரைச்சல் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். நாலரைக்கு வந்த லோஞ்சுப் படகிலிருந்து கச்சான் கடலை கொறித்தபடி மகள் இறங்கினாள்.

"நான் பயத்தில செத்துப்போயிட்டன், தெரியுமே?" என்று பாய்ந்தேன்.

"ஐயோ அம்மா, நான் சொன்னது பழைய நேரம். உங்கட புது நேரம் எங்கட பக்கம் செல்லாதெல்லே!"

அரசாங்கம் அப்போது மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அக்கரையில், போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில், அதை ஏற்கவில்லை. எல்லாரும் அறிந்த விஷயம்தான். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஐயாவின் மணிக்கூடு பிந்தவேயில்லை. நான் கெடுத்து வைத்ததை அவர்தான் தினமும் திருத்தியிருக்கிறார்.

சனியும் ஞாயிறும் நான் மணிக்கூட்டைத் தொடவில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு கொடுத்தேன். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை டொக்டர் வந்து ஐயாவின் பக்கத்தில் நின்றபோது சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை. தாதி சோறும் மீனும் கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, இப்ப என்ன நேரம்?"

"சரியாப் பன்னிரண்டு."

டொக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேனையை எடுத்தார்.

"டொக்டர், அது பழைய நேரம்," என்றேன். "ஐயா அக்கரை ஆள். அந்த நேரத்துக்குக் குடுத்தால் சாப்பிடுறார்."

அவர் சுவரைப் பார்த்தார், ஐயாவின் கையைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பேனை சட்டைப் பைக்குத் திரும்பியது. தாதிக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

ஐயாவுக்கு மட்டும் பொறுமையில்லை.

"சிரிச்சது காணும். மாமியார், அந்த மீன் துண்டை இஞ்சால போடுங்கோ."